கர்னல் ஆல்காட்டும் சென்னைச் சேரிப் பள்ளிகளும்

கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் வரலாற்றை எழுதப் புகும்போது, யாரை முதலில் நினைவுகூர்வது என்னும் வினா எழுவது இயல்பு. போரில் வென்ற மன்னரையா, மாளிகை எழுப்பிய செல்வரையா? அவர்களுடைய வரலாறுகளை எழுதுவதற்கு ஆட்கள் பலர் உளர். நம் முன்னோர் குடியிருந்த சேரிகளுக்குள் பலகையும் பல்பமும் கொண்டு வந்தவர்களை நாம் நினையாவிட்டால், வேறு எவர் நினைப்பர்? நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கடல் கடந்து வந்து, சென்னை அடையாற்றங்கரையில் தங்கி, நம் குழந்தைகளுக்கென்று இலவசத் தொடக்கப் பள்ளிகளை நிறுவிய கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்களின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

இதனை வெறும் புகழுரையாக எழுதுவது எம் நோக்கமன்று. அவர் செய்ததும், செய்யாமல் நிறுத்திக்கொண்டதும், அவருக்கு முன்பே நம் தலைவர்கள் கேட்டதும், பின்னர் நம்மவர் போராடிப் பெற்றதும் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமை பெறும். நன்றி மறவாமை நமக்குரிய பண்பு. உண்மையை மறைத்துக் கூறும் நன்றியோ நம்மைச் சிறுமைப்படுத்தும்.

பிறப்பும் இளமையும்

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் கிறித்தவ சமயத்தில் பற்று மிக்கது. நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் பயிலத் தொடங்கினார். ஆயினும் தந்தையாரின் வணிகம் நொடித்துப் போனமையால் படிப்பை இடையிலேயே கைவிட நேர்ந்தது. வறுமையினால் படிப்பு பாதியில் நிற்பது எத்தகைய வேதனை என்பதை நம் சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வேதனையை இளமையிலேயே அறிந்தவர் அவர்.

படிப்பு நின்றபின் ஓகையோ மாநிலத்துக்குச் சென்று உழவுத் தொழிலில் ஈடுபட்டார். உழவைக் கைத்தொழிலாக மட்டும் கொள்ளாமல் ஆராய்ச்சியாகவும் கொண்டார். சர்க்கரைச் சோளப் பயிரைக் குறித்து 1857இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்கு நற்பெயர் ஈட்டித் தந்தது. அதன்பின் நியூயார்க்கு டிரிபியூன் என்னும் நாளிதழில் வேளாண்மைப் பகுதியின் ஆசிரியரானார்.

அடிமை முறையின் நாட்டில்

அக்காலத்து அமெரிக்கா இரண்டாகப் பிளவுபட்டு நின்றது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் விலைப்பொருள்களாக விற்கவும் வாங்கவும் பட்டனர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்து வைத்திருந்தன. எழுத்தறிந்தவன் அடிமையாக இரான் என்பதை ஆண்டைகள் நன்கு உணர்ந்திருந்தனர் போலும். நம் நாட்டில் சட்டப் புத்தகத்தின் துணையின்றி வழக்கத்தாலேயே நிறைவேற்றப்பட்ட தடையை அந்நாட்டார் சட்டமாக எழுதி வைத்தனர். வேறுபாடு அவ்வளவே.

அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் என்னும் வெள்ளையர் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். வடபுலத்து இதழாளர்களை அவ்வூரில் பகைவராகக் கருதிய நேரம் அது. எனினும் இளைஞர் ஆல்காட் அங்குச் சென்று அந்நிகழ்ச்சியை நேரில் கண்டு தம் இதழுக்குச் செய்தி எழுதினார்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஆல்காட் வடபுலப் படையில் சேர்ந்தார். நோயுற்றுத் திரும்பிய பின்னர், போர்த்துறையின் தனி அலுவலராக அமர்த்தப்பட்டு, படைக்குப் பொருள் வழங்குவதில் நிகழ்ந்த மோசடிகளைத் துருவி ஆராய்ந்தார். கையூட்டுக்கு இணங்காமலும் மிரட்டலுக்கு அஞ்சாமலும் அவர் ஆற்றிய அப்பணியே அவருக்குக் கர்னல் என்னும் பட்டத்தைத் தந்தது. 1865இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அக்கொலைச் சதியை விசாரித்த குழுவிலும் அவர் இடம்பெற்றார். பின்னர் 1868இல் வழக்கறிஞராகி நியூயார்க்கு நகரில் தொழில் நடத்தினார்.

கிழக்கு நோக்கிய பயணம்

1874இல் வெர்மான்ட் மாநிலத்தின் பண்ணை வீடு ஒன்றில் உருசிய நாட்டு பிளாவட்ஸ்கி அம்மையாரை அவர் சந்தித்தார். இருவரும் வேறு சிலரும் கூடி 1875ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினர். அதன் முதல் தலைவரான ஆல்காட், தம் இறுதி நாள் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். 1879ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவரும் பம்பாய் வந்திறங்கினர். 1882ஆம் ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னைக்கு அருகே, அடையாற்றின் தென்கரையிலிருந்த தோட்டமாளிகைக்கு மாற்றப்பட்டது.

இதற்கிடையே 1880ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இலங்கையின் காலி நகரில், இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராயினர். அந்நாளில் இலங்கைப் பௌத்தக் குழந்தைகள் தம் சமயத்தைக் கைவிடாமல் கல்வி பெறுவதற்குப் போதிய பள்ளிகள் இல்லை. ஆல்காட் பௌத்தக் கல்வி நிதி ஒன்றைத் தொடங்கினார். மாட்டு வண்டியிலேயே தங்கி, ஊர் ஊராகச் சென்று சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். சிறுவரும் பெரியவரும் படித்தறியும்படி வினா விடை வடிவில் பௌத்த சமய நூல் ஒன்றை எழுதி 1881இல் வெளியிட்டார். 1886இல் கொழும்பு நகரின் புறக்கோட்டையில் தொடங்கப்பெற்ற பள்ளியே பின்னாளில் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்தது. அவர் காலத்திலேயே இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்கு மேல் பெருகின.

பேருரை ஆற்றுவதைக் காட்டிலும் பள்ளிக்கூடம் நடத்துவதே ஒரு மக்கட்கூட்டத்தை நிமிரச் செய்யும் என்பதை இலங்கையில் அவர் கண்டறிந்தார். அந்தப் பாடமே சென்னையில் நமக்குப் பயன்பட்டது.

நம்மவர் எழுப்பிய குரல்

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கருத்தூன்றிக் காண வேண்டும். சேரிகளுக்குப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் வெளியிலிருந்து வந்த கொடை என்றே பலர் நினைக்கின்றனர். அது பிழை. அந்தக் கோரிக்கை நம்மவருடையது.

அயோத்திதாசப் பண்டிதர் 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிக் கோரிக்கைகளை நிறைவேற்றினார். 1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களின் சார்பில் பேசினார். கோயிலுக்குள் செல்லும் உரிமையைக் குறித்து அவர் வினவியபோது இகழ்ச்சியே விடையாகக் கிடைத்தது. அதற்குத் தளராமல், நம் குழந்தைகளுக்கு நான்காம் வகுப்பு வரையில் இலவசக் கல்வியும், ஊர்தோறும் தரிசு நிலமும் வழங்க வேண்டுமென்று அவர் வலியுறுத்தினார். இரட்டைமலை சீனிவாசன் அவர்களோ 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக எண்ணப்பட்ட பெயரையே கொடியாக உயர்த்தி, அவ்விதழில் நம் குறைகளை எடுத்துரைத்தார்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைக் குறித்து அளித்த அறிக்கையும் அக்காலத்ததே. அதனைத் தொடர்ந்து 1892இல் நிலம் குறித்தும், 1893இல் கல்வி குறித்தும் சென்னை அரசாங்கம் ஆணைகள் பிறப்பித்தது. ஆயினும் ஆணை ஏட்டில் இருந்தது. பள்ளியோ அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் இருந்தது. சேரிக் குழந்தை அவ்விடங்களை அணுகவும் இயலாது. அரசுப் பள்ளியில் சேரச் சென்ற மகார் சிறுவன் ஒருவன் 1856இல் தார்வாரில் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி, ஏட்டுக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடறியக் காட்டிற்று. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அத்தூரம் குறையவில்லை. கிறித்தவ சமயத் தொண்டர்கள் நடத்திய பள்ளிகளே நம்மவருள் சிலருக்குப் புகலிடமாயின. அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்களே.

ஊரூர்ப் பள்ளி

நம்மவரின் குரல் எழுந்த இரண்டு ஆண்டுகளில், 1894ஆம் ஆண்டு, ஆல்காட் தம் சபைத் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள ஊரூரில் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஒருபுறம் மீனவர் குப்பம், மறுபுறம் சேரி, நடுவே தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் என்று பலவகைப்பட்ட உழைப்பாளர் வாழ்ந்த கடற்கரைப் பகுதி அது. அருகிலேயே சபையின் மாளிகையும், அதன் நூலகமும் இருந்தன. பல நாட்டு அறிஞர்கள் அங்கு வந்து தத்துவம் பேசினர். அம்மாளிகையின் மதிலுக்கு வெளியே வாழ்ந்த குழந்தைகளோ ஓர் எழுத்தும் அறியாதிருந்தனர். எல்லா மக்களும் உடன்பிறப்பினர் என்பது சபையின் முதற் குறிக்கோள். மதிலுக்கு வெளியே அக்குறிக்கோளை எடுத்துச் சென்றவர் அதன் தலைவர்.

இதற்குத் துணிவு வேண்டியிருந்தது. சபையில் சேர்ந்திருந்த இந்தியர்களுட் பெரும்பாலோர் உயர்சாதியினர். சமயப் பெருமை பேசுவதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், சேரியில் பள்ளி வைப்பதை அதே மகிழ்ச்சியோடு வரவேற்பார்களா? பள்ளிகளுக்கு வேண்டிய பொருளுதவி பெருமளவு வெளிநாட்டு அன்பர்களிடமிருந்தே வந்தது என்பது இவ்வினாவுக்கு ஓரளவு விடை கூறும். அரசாங்கத்தின் உதவித்தொகையும் ஓரளவு கைகொடுத்தது.

காலப்போக்கில் பள்ளிகள் ஐந்தாயின. ஊரூர்ப் பள்ளி ஆல்காட் பெயரில் நடந்தது. கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நினைவாக ஒரு பள்ளி, தேனாம்பேட்டையில் சபைத் தொண்டர் தாமோதர் பெயரால் ஒரு பள்ளி, மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரால் ஒரு பள்ளி, கிருஷ்ணாம்பேட்டையில் அன்னிபெசன்ட் அம்மையார் பெயரால் ஒரு பள்ளி என அவை அமைந்தன. திருவள்ளுவரை நம் மரபினர் என்று நம் முன்னோர் போற்றி வந்தனர். மயிலையிலே அப்பெயர் தாங்கிய பள்ளியில் நம் குழந்தைகள் அமர்ந்து படித்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நிமிர்கிறது.

பள்ளிகள் நடந்த முறை

சென்னை நகரம் அந்நாளில் நம்மவரின் உழைப்பின்றி ஒரு பொழுதும் இயங்கியதில்லை. வெள்ளையர் இல்லங்களில் சமையற்காரராகவும், பட்லராகவும், ஆயாவாகவும், குதிரைக்காரராகவும் நம்மவர் பணியாற்றினர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். வீதிகளைத் துப்புரவு செய்தனர். குழந்தைகளுக்கும் வேலை இருந்தது. மாடு மேய்ப்பதும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும், சுள்ளி பொறுக்குவதும் அவர்கள் கடமை. ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால், அக்குடும்பம் ஒரு கை உழைப்பை இழக்க வேண்டும். ஆகவே கட்டணமில்லை என்பதனால் மட்டும் பள்ளி நிரம்பிவிடாது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும்.

இப்பள்ளிகளில் தமிழ் எழுதப் படிக்கவும், கணக்கு போடவும், ஓரளவு ஆங்கிலம் பேசவும் கற்பிக்கப்பட்டது. உடல் தூய்மை, உடைத் தூய்மை ஆகியவற்றுக்கு முதன்மை தரப்பட்டது. சமயம் மாற்றும் நோக்கம் இப்பள்ளிகளுக்கு இல்லை. எச்சமயத்தைப் பின்பற்றுவது என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டனர். கல்வி பெறுவதற்கு விலையாக வேறெதனையும் தர வேண்டியதில்லை என்னும் இந்நிலை அக்காலத்தில் அரிதாயிருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையார் இப்பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்றார். பின்னர் வந்த கோர்ட்ரைட் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். பிரம்பும் உருப்போடலுமே கல்வி என்று எண்ணப்பட்ட காலத்தில், கிண்டர்கார்டன் என்னும் குழந்தைக் கல்வி முறையை அவர்கள் சேரிப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தனர். கண்ணாற் கண்டும், கையால் தொட்டும், பாடியும் ஆடியும் கற்பது அம்முறை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எளிதில் கிட்டாத அம்முறை நம் குழந்தைகளுக்கு முதலில் கிட்டியது. தாழ்ந்தோர்க்குத் தாழ்ந்த தரக் கல்வியே போதும் என்று எண்ணாத ஆசிரியர்கள் அவர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

பண்டிதரும் கர்னலும்

இப்பள்ளிகளால் விளைந்த பெரும் பயன் எழுத்தறிவு மட்டுமன்று. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்தார். நம் மக்கள் ஆதியில் பௌத்தராயிருந்தவர்கள், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது தாழ்த்தப்பட்டவர்கள் என்பது பண்டிதரின் ஆய்வு முடிவு. இழந்த சமயத்துக்குத் திரும்ப வழி வேண்டுமென்று அவர் கேட்டார். அவ்வாண்டே பண்டிதரும், சேரிப் பள்ளியின் ஆசிரியரான கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் பயணமாயினர். கொழும்பு மாளிகாகந்தையில் பெரும்புலவர் ஹிக்கடுவே சுமங்கல தேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் வழங்கினார். திரும்பிய பின் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், வேலூர்ப் பகுதி, பர்மா, தென்னாப்பிரிக்கா என்று நம் உழைப்பாளர் சென்ற இடங்களிலெல்லாம் அவ்வியக்கம் கிளை பரப்பியது.

அந்தக் கப்பலில் பண்டிதருடன் சென்றவர் யார் என்று பாருங்கள். ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்! மாதச் சம்பளத்துக்கு அரிச்சுவடி கற்பித்த ஒருவர், தம் மக்களின் சமய விடுதலைக்குத் தூது செல்லும் அளவுக்கு உயர்ந்தார். பள்ளி என்பது குழந்தைகளை மட்டும் உருவாக்குவதில்லை. அது ஆசிரியரை உருவாக்குகிறது. ஆசிரியர் வழியே ஊருக்கு ஒரு தலைவரைத் தருகிறது. 1956ஆம் ஆண்டு நாகபுரியில் பேரறிஞர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழகத்திலிருந்து அவ்வழியே நடந்தவர்கள் நம் முன்னோர் என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும்.

அவர் வகுத்த எல்லை

இனி மறுபுறத்தையும் கூற வேண்டும். 1902இல் ஆல்காட் ஏழைப் பறையர் என்னும் பொருள்படும் தலைப்பில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். நம் மக்களின் துன்பத்தை உலகோர்க்கு எடுத்துரைத்து உதவி கோரிய நூல் அது. அவர் உள்ளத்தின் இரக்கத்தில் ஐயமில்லை. எனினும் நம் குழந்தைகளுக்கு எவ்வளவு கல்வி வேண்டும் என்பதில் அவர் ஓர் எல்லை வகுத்துக்கொண்டார். தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடும் எளிய கல்வியே இப்பள்ளிகளின் குறிக்கோள். செய்யும் வேலையைத் திறம்படச் செய்யவும், கூலியில் ஏமாறாதிருக்கவும், வேலை தருவோரிடம் பேசவும் உதவும் அளவே போதுமென்று அவர் கருதினார். கல்லூரி, நீதிமன்றம், சட்டமன்றம் ஆகியவற்றுக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் ஏணியாக அவர் இப்பள்ளிகளை அமைக்கவில்லை.

இது குறைதான். இதனைக் குறையென்று சொல்வதால் அவர் பெருமை குன்றிவிடாது. இரக்கம் கொண்டவர் துன்பத்தின் அளவைப் பார்த்து உதவுகிறார். உரிமை கேட்பவரோ, மற்றவர் எந்த அளவு பெற்றிருக்கிறார் என்று பார்த்துத் தமக்கும் அந்த அளவைக் கேட்கிறார். இரக்கத்தால் திறந்த கதவை அகலத் திறப்பது உரிமை உணர்வு ஒன்றினால்தான் இயலும். அந்த வேலையை ஆல்காட் நமக்குச் செய்து தர இயலாது. அதனை நம்மவர்தாம் செய்ய வேண்டியிருந்தது, செய்தும் காட்டினர்.

தனிப்பள்ளி என்பதிலும் இரு பக்கங்கள் உண்டு. எந்தப் பள்ளியும் சேர்க்காதபோது தனிப்பள்ளி ஒரு நிழல். எல்லாப் பள்ளிகளும் சேர்க்க வேண்டிய காலத்தில், அதே தனிப்பள்ளி ஒரு வேலியாகவும் மாறக்கூடும். இவ்விடர்ப்பாடு விரைவிலேயே வெளிப்பட்டது.

மறைவும் அதன் பின்னும்

1906ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், கப்பலில் கீழே விழுந்து ஆல்காட் பெருங்காயமுற்றார். உடல்நலம் தேறவில்லை. 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் காலை, அடையாற்றில் அவர் உயிர் நீத்தார். அமெரிக்க நாட்டுக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்தப்பட்ட அவர் உடல் அடையாற்றுத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் என்னும் இதழைத் தொடங்கினார். ஒரு குரல் ஓய்ந்த ஆண்டில் நம் சொந்தக் குரல் அச்சேறியது.

ஆல்காட்டுக்குப்பின் சபைத் தலைமை ஏற்ற அன்னிபெசன்ட் அம்மையார், 1909இல் எழுதிய கட்டுரையொன்றில், தூய்மையும் நற்பழக்கமும் படியும் வரை நம் குழந்தைகளைப் பிற சாதிக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது என்று கருத்துரைத்தார். சேரிப் பள்ளிகளுள் ஒன்று அவர் பெயரையே தாங்கி நின்றது என்பதை இங்கு நினைவிற் கொள்க. அழுக்கு வறுமையால் வருவது. அது குழந்தையின் குற்றமன்று. நீரும் கிணறும் மறுக்கப்பட்ட மக்களிடம் தூய்மைச் சான்றிதழ் கேட்பது எவ்வகை நீதி? பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் நூலில் அக்கட்டுரையை எடுத்துக்காட்டி, அதன் உட்பொருளை நாடறியச் செய்தார்.

ஆல்காட் நிறுத்திய இடத்திலிருந்து நம்மவர் மேலே ஏறினர். பரங்கிமலையில் பிறந்த எம். சி. இராசா பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்கள் எழுதினார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்கள் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்பட்டு, ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பஞ்சமர் இலவசப் பள்ளி என்று பலகை மாட்டிய காலம் அவ்வாறு முடிவுக்கு வந்தது. இரட்டைமலை சீனிவாசன் அண்ணலோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். ஊரூரில் எளிமையாகத் தொடங்கிய பள்ளியும், பின்னாளில் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. தொடக்க வகுப்போடு போதும் என்று நிறுவியவர் நினைத்த பள்ளியே மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்ததில், காலம் நமக்குக் கூறும் செய்தி உண்டு.

நாம் செய்ய வேண்டுவது

இளைஞர்களே! இன்று எந்தப் பள்ளியும் நம் குழந்தைகளை வாயிலில் நிறுத்த இயலாது. அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வியை உரிமையாக்கிற்று. மதிய உணவும் உண்டு. பாடநூலும் உண்டு. 1892இல் பண்டிதர் நான்காம் வகுப்பு வரை கேட்டார்; நாம் அதனினும் மிகுதியாகப் பெற்றுவிட்டோம்.

ஆனால் வேறொன்று நிகழ்ந்திருப்பதை நாம் காணத் தவறக்கூடாது. நகரத்துத் தெருவொன்றில் பல சாதியினரும், பல சமயத்தினரும், பல மொழியினரும் சேர்ந்து வாழ்கின்றனர். அத்தெருவில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றனர். எஞ்சியிருப்போர் உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகளே. எல்லார்க்கும் பொதுவென்று கட்டிய பள்ளி, பெயர்ப்பலகை மாறாமலே மீண்டும் ஏழைகளுக்கான தனிப்பள்ளி ஆகிவிடுகிறது. படித்து முன்னேறிய நம்மவரும் அப்பள்ளியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், 1894இல் அயல்நாட்டார் ஒருவர் மதிலுக்கு வெளியே பார்த்த பார்வைகூட நமக்கு இல்லாமற் போயிற்று என்றே பொருள்.

ஆகவே கழக உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிலவே. உங்கள் தெருவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்குள் ஒருமுறை சென்று வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குச் சட்டப்படி இடமுண்டு. அவ்விடத்தைக் காலியாக விடாதீர்கள். எந்தக் குழந்தை ஒரு வாரம் வரவில்லை என்று ஆசிரியரைக் கேளுங்கள். அக்குழந்தையின் வீட்டுக்குச் செல்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்க இருவர் முன்வந்தால் ஒரு தெரு முழுவதும் பயன்பெறும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முதல் வகுப்பில் ஊன்றிக் கற்ற குழந்தையைப் பத்தாம் வகுப்பில் எவரும் வெளியே தள்ள இயலாது.

கர்னல் ஆல்காட் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். அவர் இந்நாட்டில் பிறந்தவரும் அல்லர். நம் மொழியும் அவர் தாய்மொழியன்று. எனினும் தம் வாழ்வின் இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளில் சேரிக் குழந்தைகளின் பள்ளியைத் தம் பொறுப்பெனக் கொண்டார். நமக்கோ அது குலக்கடன். அவர் நிறுத்திய வகுப்புக்கு அடுத்த வகுப்பிலிருந்து நம் பிள்ளைகளை நாம் அழைத்துச் செல்வோமாக. அப்பெரியாரின் நினைவுக்கு நம் கழகம் செலுத்தத் தக்க வணக்கம் அதுவே.